கொஞ்சம் சோகமாகப் பாருங்கள்

உலகத்தின் எந்த மூலையில் ஒரு பெண் கஷ்டப்பட்டாலும் அவளுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கிக் கொடுத்துவிடுவது என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் எங்கள் மகளிர் சங்கமும் அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டதுதான். திண்டுக்கல்லில் பெண்பிள்ளைகளுக்கான ஒரு சின்ன இல்லத்துக்கு ஏழு தையல் மிஷின்கள் அனுப்பியிருந்தோம். அவை என்ன ஆயின என்று நேரில் பார்த்துவர ஓர் ஆள் தேவைப்பட்டது. தமிழ்ப்பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டி ஓய்வு பெற்றவள், மூட்டுவலி இன்னும் வராதவள், எங்கே போகிறாய் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாதவள் என்று எல்லாத் தகுதியும் எனக்கு இருந்தது. சங்கத் தலைவி விமான நிலையம்வரை வந்து காதோடு ஒன்றே ஒன்று சொன்னார்: "படம் நல்லா வரணும் டீச்சர். கொஞ்சம் சோகமா இருந்தா நல்லது. ஆண்டு மலர் அட்டைக்கு வேணும்."

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி, நாகல் நகருக்கு ஆட்டோ பிடித்தேன். எந்த ஊர் என்று ஓட்டுநர் கேட்டார். மலேசியா என்றேன். வண்டியை ஓட்டியபடியே முழுதாகத் திரும்பி, "எங்க மச்சான் ஜோகூர்ல இருக்கான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார். தெரியாது என்றதும் என்மேல் அவருக்கு இருந்த மரியாதை குறைந்துவிட்டது. சாலையைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தார். எனக்கு அதுவே போதும்.

இல்லம் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, துணி காயப்போட ஒரு மொட்டைமாடி. நடத்துகிறவர் பாண்டியம்மா. ஐம்பது வயதிருக்கும். பதினைந்து வயதில் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். பக்கத்தில் உட்கார்ந்து உப்பு கேட்டாலும் தெருமுனைக்குக் கேட்கும். ஒருநாள் ஊருக்குக் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு மில் பிள்ளைகளைத் தன் வீட்டில் தங்கவைத்திருக்கிறார். அடுத்த வாரம் மூன்று பேர் தவறவிட்டார்கள். அப்புறம் வேண்டுமென்றே தவறவிட ஆரம்பித்தார்கள். இல்லம் உருவான வரலாறு அவ்வளவுதான். மில்லை விட்டு வந்தவர்கள், வயதுக்கு முன்னால் கல்யாணம் பேசப்பட்டவர்கள் என்று நான் போனபோது எட்டுப் பேர் தங்கி, விட்ட படிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் போகாத கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்த் திரும்பவிட ஒரு ஷேர் ஆட்டோவும் உண்டு.

"மிஷினெல்லாம் எப்படி ஓடுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுல தைக்கிறோம் டீச்சர்" என்றார் பாண்டியம்மா. "மத்த ஆறும் டேபிளு."

உண்மைதான். ஆறு மிஷின்களின்மேலும் பலகை போட்டு, புத்தகத்தைப் பரப்பி, ஆறு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வேதியியலை மனப்பாடம் செய்துகொண்டே காலால் மிதிக்கட்டையை மிதித்துக்கொண்டிருந்தாள். காலை ஆட்டினால் பாடம் மனதில் நிற்கிறதாம். என் நோட்டில், "கல்வி வளர்ச்சிக்குப் பெரிதும் பயன்படுகின்றன" என்று எழுதிக்கொண்டேன். அதில் பொய் எதுவும் இல்லை.

எங்கள் ஊர் வழக்கப்படி அந்தப் பெண்களிடம், "பசியாறிட்டீங்களா?" என்று விசாரித்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பசி ஆறிடுச்சான்னு கேக்குறாங்கடி, புண்ணு ஆறுன மாதிரி" என்று ஒருத்தி விளக்கம் கொடுத்தாள். அப்புறம் நான் அங்கே இருந்தவரை சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் தங்கள் வயிற்றைத் தொட்டு, ஆறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

மதியம் சோறு, பருப்பு ரசம். "தொட்டுக்க வெஞ்சனம் ஒண்ணுமில்ல, முட்டை வேணா ஊத்தட்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு முட்டை ஊற்றினார் பாண்டியம்மா. சாப்பிட்டு முடித்ததும், "ஒண்ணே ஒண்ணு டீச்சர்" என்றார். "புள்ளைக போட்டோவ வெளிய விட்றாதீங்க." நான் தலையாட்டினேன். முப்பது வருஷம் மற்றவர்களைத் தலையாட்ட வைத்தவளுக்குத் தான் ஆட்டும் தலைக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் ஷேர் ஆட்டோவில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஓட்டுவது ஸ்டெல்லா. முப்பது வயது, வாய் ஓயாத பெண். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. அதன் காம்பில் பழனி விபூதிப் பொட்டலம் ஒன்றை யாரோ ஒரு பிள்ளை கட்டிவிட்டிருந்தாள். "ரெண்டு பேரும் பாத்துக்கிறட்டும், எனக்கு ரோட்டப் பாக்கவே நேரம் சரியா இருக்கு" என்றார் ஸ்டெல்லா. அவர் ரோட்டை எப்போது பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு ஊர் பிள்ளைகள் ஏறினார்கள். எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்து, பயந்து நிறுத்திக்கொண்டேன். என் மடியில் ஒருத்தி, அவள் மடியில் ஒரு பூகோளப் புத்தகம். ஒரு திருப்பத்தில் சம்பங்கிப் பூ மூட்டையோடு ஒரு பெரியவர் கைகாட்டினார். "பூவுக்கு எடமில்லப்பு, புள்ளைகளுக்குத்தேன்" என்று கத்திவிட்டு ஸ்டெல்லா நிற்காமல் போனார். கிள்ளானில் எங்கள் பள்ளிப் பேருந்தில் இடைவார், அதாவது சீட் பெல்ட், போடாமல் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் பெற்றோர் மனு எழுதுவார்கள். இங்கே யாரும் விழ வழியே இல்லை. அவ்வளவு நெருக்கம்.

இந்த வண்டி வருவதற்கு முன்னால் அந்த ஊர்களில் பத்தாவதோடு பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களாம். படிக்க வைக்க மனசில்லாமல் இல்லை. சாயங்காலம் பஸ் இல்லாத ரோட்டில் ஆறு கிலோமீட்டர் நடக்கவிட மனசில்லை. அதை ஸ்டெல்லா பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. கிளட்ச் ஒயரைப் பற்றிச் சொல்லும்போது இடையில் சொன்னார்.

அன்று பிற்பகல்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பாண்டியம்மா ஏதோ அலுவலகத்துக்குப் போயிருந்தார். மாடியில் படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை என்று பிள்ளைகளைக் கீழே மெத்தைக் கடை வாசலுக்குக் கூட்டிவந்து வரிசையாக நிற்கவைத்தேன். எல்லோரும் பல்லைக் காட்டினார்கள். "கொஞ்சம் சோகமாகப் பாருங்கள்" என்றேன். முயற்சி செய்தார்கள். ஒருத்தி கன்னத்தில் கை வைத்தாள். ஒருத்தி வயிற்றுவலி வந்தவள்போல் குனிந்தாள். பிறகு எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். பதினோராவது முயற்சியில் நாகஜோதி என்ற பெண்ணின் முகத்தில் மட்டும் அசல் சோகம் வந்தது. காலில் கட்டெறும்பு கடித்திருக்கிறது. சட்டென்று படமெடுத்துவிட்டேன்.

படத்தைத் தலைவிக்கு மட்டும்தான் அனுப்பினேன். அவர் ஐந்து நிமிஷத்தில், "திண்டுக்கல் நாகல் நகரில் கண்ணீரில் மலரும் மொட்டுகள்" என்று தலைப்புப் போட்டு, நாற்பது பேர் இருக்கும் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிவிட்டார். கைகூப்பிய பொம்மைகள் வந்து குவிந்தன. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நாற்பது பெண்கள் இருக்கும் குழு 'வெளியே' என்பதில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விடிந்ததும் பாண்டியம்மாவின் செல் ஒலித்தது. அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். செல்லை வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஜோதியோட அப்பா பேசுனாரு. போட்டோவ மாமன் வீட்ல பாத்துட்டாகளாம். வேன் எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாகளாம்."

நாகஜோதியின் கதையை அப்போதுதான் எனக்கு முழுதாகச் சொன்னார். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். பதினாறு வயது. அம்மா இல்லை. அப்பா முருங்கையும் தக்காளியும் போடுகிற விவசாயி. தாயில்லாத பிள்ளையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று தாய்மாமன் வீட்டார் தங்கள் பையனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பையனுக்கு இருபத்தேழு வயது. ஜோதி தானே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டாள். பாண்டியம்மா குழந்தைகள் நல அதிகாரிகளுக்குச் சொல்லி, பதினெட்டு முடியும்வரை கல்யாணம் இல்லை என்று அப்பாவிடம் எழுதி வாங்கி, அவர் சம்மதத்தோடுதான் அவளை வைத்திருந்தார். அவள் எங்கே இருக்கிறாள் என்பது அப்பா ஒருவருக்கு மட்டும் தெரியும். மாமன் வீட்டாருக்குத் தெரியவே கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் போன வழியையும் கண்டுபிடித்தோம். எங்கள் குழுவில் இருக்கும் லெட்சுமிக்கு ஒட்டன்சத்திரத்தில் நாத்தனார். 'நம் சங்கத்தின் சேவை' என்று ஆசையாக அவளுக்கு அனுப்பியிருக்கிறாள். அங்கிருந்து அது கைமாறி மாமன் வீடுவரை போய்விட்டது. கிள்ளானிலிருந்து திண்டுக்கல் வர எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. படம் திரும்பி வர ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது. படத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால் மெத்தைக் கடையின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அதெல்லாம் பெறகு" என்று பாண்டியம்மா எழுந்துவிட்டார். அதிகாரிக்கு போன் செய்தார். சிறுமலையில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் ராணி என்ற தோழிக்கு போன் செய்தார். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "ஜோதிய மேல கொண்டுபோயி விட்டுட்டு வா. ஆபீசர் அம்மாகிட்டச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் ஏறுங்க. பெரியாளு ஒருத்தர் கூட இருக்கணும். வம்ப இழுத்தது நீங்கதான?"

இப்படித்தான் நான் சிறுமலை பார்க்கப் போனேன்.

கேமரன் மலைக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன், குளிர்சாதனப் பேருந்தில், வாந்திப் பை சகிதம். சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டெல்லா ஹாரனை அடித்து, மாதாவையும் முருகனையும் கூப்பிட்டு, எதிரே வரும் வாழைத்தார் லாரிக்காரரை வைதார். மூவரையும் ஒரே குரலில் கூப்பிட்டதால் யாருக்கு எது என்று பிரிக்க முடியவில்லை. ஒன்பதாவது வளைவில் எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

"சூடாயிருச்சு. செத்த நேரம் விடுங்க, எந்திரிச்சிரும்" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா தண்ணீர் தேடிப் போனார். நானும் ஜோதியும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். கீழே திண்டுக்கல் சமவெளி முழுதும் விரிந்து கிடந்தது. ஒரு குரங்கு வந்து, என் கைப்பையைத் திறந்து, பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டது. நான் சத்தம் போடவில்லை. அன்று காலை என் நிலைமையில் யாரையும் அதட்டும் உரிமை எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

"ஜோதி, தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். ஒரு மாணவியிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு உங்க மேல கோவம் இருக்குதுங்க டீச்சர். ஆனா போட்டோ அனுப்புனதுக்கு இல்லீங்க."

"பின்னே?"

"அதுல நான் அழுவற மாதிரி இருக்குதுங்க. இங்க வந்து ஒரு நாளும் நான் அழுவலீங்க. அத்தை அதப் பாத்துட்டு, புள்ள அழுதுட்டுக் கெடக்குது, போயிக் கூட்டியாரலாம்னுதான் வேன் எடுத்திருப்பாங்க. சிரிச்சாப்ல இருந்த போட்டோவ அனுப்பியிருந்தீங்கன்னா, திமிரு புடிச்ச கழுதை, கெடக்கட்டும்னு உட்டிருப்பாங்க."

சிரித்த படங்கள் பத்து என் செல்லில் இருந்தன. ஒன்றுகூட நன்றாக வரவில்லை என்று நான் ஒதுக்கியவை.

எஞ்சின் எழுந்திருக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மேலே போகிற ஒரே பஸ் வந்தது. ஸ்டெல்லாவை வண்டியோடு விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஏறினோம். எனக்கு உட்கார ஒரு உர மூட்டை கிடைத்தது. மேலே தோட்டத்தில் ராணி, நாங்கள் யார் எவர் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சின்னச் சின்னதாகச் சுருங்கிய தோலோடு மலை வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுவந்து வைத்தார். பார்க்க வாடிப்போனது மாதிரி இருந்தது. தின்ன ஆரம்பித்தபிறகு சீப்பு முடிந்தது எப்படி என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பழங்களைப்பற்றி நான் முப்பது வருஷமாகப் பேசிவந்த பெருமையை அங்கேயே விட்டுவிட்டேன்.

மாலையில் பாண்டியம்மா போனில் பேசினார். செல்லைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தே எல்லாவற்றையும் கேட்டோம்.

"எட்டுப் பேரு வந்தாக. மொதல்ல ஒரே சத்தம். உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுக் கத்துங்கன்னேன். எட்டுப் பேருல ஆறு பேருக்குச் சீனி வேணாமாம், சுகராம்! அதுக்குள்ள ஆபீசர் அம்மா வந்துட்டாக. சட்டத்தச் சொன்னாக. பையனோட அம்மாதான் கடேசி வரைக்கும், புள்ள அழுகுது, புள்ள அழுகுதுன்னே சொல்லிட்டு இருந்துச்சு. எறும்பு கடிச்சிருச்சுன்னு சொன்னா நம்புனாத்தான?"

ஜோதி என்னைப் பார்க்காமல் சிரித்தாள்.

அன்றே சங்கக் குழுவுக்கு எழுதினேன். படத்தை அழிக்கச் சொன்னேன், காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். லெட்சுமி அழுதுகொண்டே கூப்பிட்டாள். தலைவியும் படத்தை நீக்கிவிட்டார். "ரொம்ப வருத்தமா இருக்கு டீச்சர்" என்று எழுதியவர், கொஞ்சம் இடைவெளி விட்டு, "அப்ப அட்டைக்கு என்ன போடுறது?" என்றும் கேட்டிருந்தார்.

நாலாம் நாள் மலையிலிருந்து இறங்கினோம். ஆட்டோ உயிர்பெற்று, மெத்தைக் கடை வாசலில் நின்றது. அன்று மாலை எனக்கு மதுரைக்குப் பஸ். மாடியில் ஜோதியின் அப்பா உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். பக்கத்தில் ஒரு கட்டு முருங்கைக்காய். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். படம் எடுத்தவள் நான்தான் என்று தெரிந்தும் கும்பிட்டார். எனக்குக் கூசியது.

"நல்ல சேதிதான் சாமி" என்றார் மகளிடம். "இனி உனக்குத் தொந்தரவில்ல. மாமன் வூட்ல உன்ன உட்டுட்டாங்க. வேற புள்ள பாத்துட்டாங்க. வர்ற முகூர்த்தத்துலயே வெக்கறாங்களாம்."

பாண்டியம்மா பெருமூச்சு விட்டார். நானும்தான். ஜோதி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"யாருங்கப்பா புள்ள?"

அவர் முருங்கைக்காய்க் கட்டைச் சரிசெய்தார். "நம்ம ஊருக்குக் கெழக்கால... சத்யா."

"அவ பத்தாவதுங்கப்பா."

"நமக்கெதுக்குச் சாமி அது."

ஜோதி செருப்பை மாட்டினாள். "ஸ்டெல்லாக்கா, வண்டி ஓடுமா?"

"அம்புட்டுத் தூரம் தாங்காதுடி."

"ஓடுமா, ஓடாதா?"

பாண்டியம்மா ஏற்கெனவே அதிகாரிக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். ஜோதி அப்பாவின் எதிரில் போய் நின்றாள். "அவங்க தோட்டத்து வழி உங்களுக்குத்தாங்கப்பா தெரியும்." அவர் முருங்கைக்காய்க் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். நாளை முகம் பார்க்க வேண்டிய சொந்தக்காரர்கள் அவர்கள். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். நான் என் பஸ்ஸைப்பற்றி யாரிடமும் பேசவில்லை.

வழியில் இரண்டு தடவை நின்று எஞ்சினை ஆறவைத்தோம். ஜோதியின் அப்பா போனில் வழி சொல்லியிருந்ததால், நாங்கள் போய்ச் சேரும்போது அதிகாரியின் ஜீப் சத்யாவின் தோட்டத்து வீட்டு வாசலில் நின்றது. களத்தில் மாமன் வீட்டாரும் சேர்த்துப் பெரியவர்கள் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். அதிகாரி சட்டம் சொன்னார். அவர்கள் ஜாதகம் சொன்னார்கள். பெண்ணின் அப்பா மானம் என்றார். யாரோ மண்டபம் என்றார். எல்லோரும் எல்லோரிடமும் பேசினார்கள். நானும் ஓர் ஓரமாக நின்று, பெண் கல்விபற்றி மூன்று வாக்கியம் பேசினேன். யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

ஜோதி அங்கே நிற்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கையைப் பிடித்துக் களத்துக்குக் கூட்டிவந்தாள். அந்தக் கை முழுதும் சாம்பல்.

"சத்யா, உனக்கு இதுல சம்மதமா?"

"எங்கிட்ட யாருமே கேக்கலீங்கக்கா."

"நான் கேக்கறேன்ல. சொல்லு."

அந்தப் பெண் ஏதோ முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு" என்றாள் ஜோதி. "இங்க நெறையப் பேருக்குக் காது கேக்காது."

"வேண்டாமுங்கக்கா!"

சத்யாவின் அப்பா மகளை அப்போதுதான் பார்க்கிறவர்போல் பார்த்தார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். அதிகாரி பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பதினெட்டு முடியும்வரை கல்யாணம் இல்லை என்று எழுதவும், படித்துக் காட்டவும், கையெழுத்து வாங்கவும் இன்னும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஜோதியின் அப்பா அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாட்சிக்கு யார் போடுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டபோது மட்டும் முன்னால் வந்து, பேனாவை வாங்கி, மச்சான் வீட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் பெயரை முழுதாக எழுதினார்.